ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிறவள்

ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருந்தால் இந்த வரியை நீ படிக்கப் போவதில்லை. படிக்கிறாய் என்றால் கிழிக்கவில்லை. அதுவரைக்கும் சந்தோஷம்.

"இனிமே உன்னோட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றுதான் நீ சொன்னாய். எழுத மாட்டேன் என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. என் நம்பரை பிளாக் செய்தாய். கிளினிக் நம்பரையும் செய்தாய். மெயில் அனுப்பினால் போன வேகத்தில் திரும்பி வருகிறது. தபால்காரரை மட்டும் உன்னால் பிளாக் செய்ய முடியாது என்பது நேற்றுதான் எனக்கு உறைத்தது. இது உறைக்க இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, என் மூளையைப் பற்றி நீ சொல்வதெல்லாம் சரிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கிளினிக்குக்கு ஆபத்து. கிளினிக் முதல் மாடி, வாடகை வாங்குகிற வீட்டுக்காரம்மா அதற்கு மேல் மாடி, படிக்கட்டு ஒன்றே ஒன்று. உள்ளே எட்டு நாற்காலிதான் போட முடியும். மிச்சப் பேர் நாயும் பூனையுமாகப் படியில் உட்கார்ந்திருப்பார்கள். போன திங்கட்கிழமை கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய், கூடைக்குள் இருந்த பூனையை எட்டிப் பார்த்தது. பூனை கூடையை விட்டு வெளியே வந்து அதன் மூக்கில் ஒன்று வைத்தது. நாய் ஓட, நாயைப் பிடித்திருந்தவர் பின்னாலேயே ஓட, தக்காளிக் கூடையோடு ஏறி வந்த வீட்டுக்காரம்மா நடுவில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்துகொண்டே கீழே போய்ச் சேர்ந்தார். அடி எதுவும் இல்லை. மானம்தான் போயிற்று. மறுநாள் காலையில் நோட்டீஸ் வந்துவிட்டது: இந்த மாதம் முப்பதாம் தேதிக்கு மேல் படிக்கட்டில் ஒரு வாலைக்கூடப் பார்க்கக் கூடாது, பார்த்தால் நான் காலி செய்ய வேண்டும்.

இந்த வட்டாரத்தில் மிருக ஆஸ்பத்திரிக்கு இடம் கொடுக்க வேறு ஒருவரும் இல்லை. எட்டு வருஷ உழைப்பு.

எனக்குத் தோன்றிய வழி இது. அவரவர் வீட்டிலிருந்தே போனில் டோக்கன் எடுக்கட்டும், உள்ளே எத்தனையாம் நம்பர் போகிறது என்று போனிலேயே பார்க்கட்டும், முறை வரும்போது கிளம்பி வரட்டும். காலையில் பூனை, மதியத்துக்கு மேல் நாய். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் செய்து தரச் சொல்லிக் கேட்டால் மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள். சரி என்று நானே இணையத்தில் ஓர் இலவசப் பாடத்தைப் பார்த்து, மாங்கு மாங்கென்று நூற்றுப் பன்னிரண்டு வரி நிரல் எழுதிவிட்டேன். சர்வரை ஸ்டார்ட் செய்தால் ஒரே வினாடியில் சிவப்பு எழுத்தாகக் கொட்டிவிட்டுச் செத்துப் போகிறது. முதல் வரியில் 'டிரேஸ்பேக்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. மிச்சமும் அதே மாதிரிதான்.

என்ன செய்வது? 

உன் அண்ணன்


ஏப்ரல் 5

டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிப்பதற்குத்தான் எடுத்தேன். வீட்டுக்காரம்மா படியில் உட்கார்ந்து போன இடத்தில் சிரித்துவிட்டேன். சிரித்தபின் கிழிப்பது நியாயமில்லை.

பேச மாட்டேன் என்றது பேச மாட்டேன்தான், இதைத் தாங்கள் வேலைக் கடிதமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"எங்கள் நாய் சரியில்லை. மிச்சமும் அதே மாதிரிதான்" என்று யாராவது தங்களுக்கு எழுதினால் என்ன மருந்து கொடுப்பீர்கள்? சிவப்பு எழுத்தில் முதல் வரி எதற்கும் உதவாது. நிரல் எங்கே தடுக்கி விழுந்தது என்பது கடைசி இரண்டு மூன்று வரியில் இருக்கும். எல்லாரும் முதல் வரியைப் படித்துவிட்டுப் பயந்துபோய் ஜன்னலை மூடுகிறார்கள். முழுவதையும் ஓர் எழுத்து விடாமல் எழுதி அனுப்பவும். புள்ளி, கமா, அடிக்கோடு எல்லாம் வேண்டும். எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ஸ்டார்ட் செய்தீர்கள் என்பதும் வேண்டும்.

இவ்வளவு பெரிய டாக்டருக்கு இவ்வளவு சின்ன ஆள் யோசனை சொல்ல வேண்டியிருப்பது வருத்தம்தான். என் வேலை என்னவென்று தாங்கள்தான் என் மாமியார் வீட்டில் விளக்கியிருக்கிறீர்களே. "நின்னுபோன மிஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்றது. அதுக்கு ஒரு பட்டம் வேற." சொன்ன ஆளுக்கு இப்போது நின்றுபோன மிஷின் வாய்த்திருக்கிறது.

இப்படிக்கு,
ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிறவள்


ஏப்ரல் 8

அன்புள்ள தங்கைக்கு,

நான்கு பக்கம் இணைத்திருக்கிறேன். கம்பவுண்டர் அக்கா திரையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் எழுதினேன். "அடிக்கோடு, அடிக்கோடு, மெயின், அடிக்கோடு, அடிக்கோடு" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட ஒரு முயல்காரர், முயலுக்குத்தான் ஏதோ பெரிய வியாதி என்று நினைத்து வெளியே போய் அழுதுவிட்டார். சமாதானம் செய்யப் பத்து நிமிஷம் ஆயிற்று.

கடைசி வரி உனக்காகத் தனியாக: செட்டிங்ஸ் ஃபைல் இல்லை என்கிறது. அது சுத்தப் பொய். அந்த ஃபைல் இருக்கிறது. என் கண்ணால் பார்க்கிறேன். மவுஸை அதன் தலையில் வைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். கம்பவுண்டர் அக்காவும் பார்த்தார். ஃபோல்டரில் நிற்பது என்றால் என்ன? நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. அன்றைக்கு உன் மாமியார் வீட்டில் நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் சிரிக்கட்டுமே என்று. நீயும் சும்மா இருக்கவில்லையே, "நீ நாய்க்கு ஊசி போடுறவன்தானே" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். நான் ஒன்றும் இரண்டு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

உன் அண்ணன்


ஏப்ரல் 11

டாக்டர் அவர்களுக்கு,

வேலை முதலில். ஃபைல் இருக்கிறது. நிரலும் பொய் சொல்லவில்லை. கறுப்பு ஜன்னலில் கட்டளை அடிக்கும்போது அது ஏதாவது ஒரு ஃபோல்டருக்குள் நின்றுகொண்டுதான் கேட்கிறது. "செட்டிங்ஸ் ஃபைலை எடு" என்றால் தான் நிற்கிற இடத்தில்தான் தேடும். தங்கள் ஃபைல் மருந்து அலமாரியில் இருக்கிறது, நிரல் வாசல் மிதியடியில் நின்றுகொண்டு துழாவுகிறது. நிரலும் ஃபைலும் இருக்கிற ஃபோல்டருக்குள் முதலில் போய்விட்டு, அங்கிருந்து ஸ்டார்ட் செய்யவும். போகிற கட்டளை தனித்தாளில்.

இனி மற்றது. வேலைக் கடிதத்தில் சொந்த விஷயத்தைக் கொண்டுவந்தது தாங்கள், நான் இல்லை.

விளையாட்டுக்கு என்கிறீர்கள். அன்றைக்கு முந்தின நாள் ஓர் ஆஸ்பத்திரியில் சர்வர் எழுந்திருக்க மறுத்துவிட்டது. எந்த வார்டில் யாருக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. நர்ஸுகள் நினைவில் இருந்ததைத் தாளில் எழுதி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணி நேரம் உட்கார்ந்து நான் அதை எழுப்பினேன். எழுந்ததும் தலைமை நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதை உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் அந்தச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். என் மாமியார், "இவ என்ன வேலை பாக்குறான்னு எங்களுக்குப் புரியவே மாட்டேங்குது, நீங்களாவது சொல்லுங்க" என்று தங்களைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தாங்கள் திறந்துவிட்டீர்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். அதற்குமேல் ஆஸ்பத்திரிக் கதையை எப்படிச் சொல்வது? இன்றுவரை வீட்டில் மிக்ஸி நின்றால், "நீதான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவியேம்மா, கொஞ்சம் வந்து பாரு" என்கிறார் மாமியார். கேலியாகச் சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே அதுதான் என் வேலை என்று நம்புகிறார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஊசி போடுகிறவன் என்று நான் சொன்னது தப்பு. அது தனிக் கணக்கு.

இப்படிக்கு,
மிக்ஸி மெக்கானிக்


ஏப்ரல் 14

அன்புள்ள தங்கைக்கு,

ஆஸ்பத்திரி விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். தெரியாமல் சொன்னதுதானே தப்பே. இதற்கு என்ன எழுதுவது என்று யோசித்து யோசித்து மூன்று தாள் குப்பைக் கூடைக்குப் போயிற்று. எழுத வரவில்லை. சர்வரைப் பற்றி எழுதுகிறேன், அது வருகிறது.

நீ சொன்னபடி ஃபோல்டருக்குள் போய் நின்றேன். சிவப்பு எழுத்து வரவில்லை! கம்பவுண்டர் அக்கா கை தட்டினார். ஆனால் அதற்கப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. கறுப்பு ஜன்னலில் ஒரு வரி வந்தது, அப்படியே நின்றுவிட்டது. அசையவில்லை. பேசவில்லை. நான் ஐந்து நிமிஷம் பார்த்தேன். என் தொழிலில் கத்துகிற நாயைப் பற்றிக் கவலையே இல்லை, அதற்குத் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் ஓரமாகக் கிடக்கிற உயிரைப் பார்த்தால்தான் பயம். இதுவும் போயிற்று என்று நினைத்துவிட்டேன்.

நிறுத்துவதற்கு கன்ட்ரோலோடு இன்னோர் எழுத்தையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்று பாடத்தில் படித்த ஞாபகம். இசட் என்று நினைத்து அழுத்தினேன். 'ஸ்டாப்டு' என்று வந்தது. சரி என்று மறுபடி ஸ்டார்ட் செய்தால், இப்போது புதிய சிவப்பு எழுத்து. உன் உத்தரவுப்படி கடைசி வரியைப் படித்தேன்: முகவரி ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறதாம். யார் உபயோகிக்கிறார்கள்? இந்தக் கட்டிடத்தில் சர்வர் வைத்திருக்கிற ஒரே ஆள் நான்தான்.

வீட்டுக்காரம்மா தினமும் இறங்கும்போது கதவைத் தட்டி, "பதினாறு நாள் இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

உன் அண்ணன்


ஏப்ரல் 17

டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் சர்வர் சாகவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது! சத்தமில்லாமல் இருப்பதுதான் சர்வருக்கு ஆரோக்கியம். யாராவது வந்து கதவைத் தட்டும்வரை அது வாயைத் திறக்காமல் காத்திருக்கும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத தப்பைச் செய்திருக்கிறீர்கள். ஒரு மிருக டாக்டரால் மட்டும்தான் இதைச் செய்ய முடியும்.

அப்புறம், அழுத்த வேண்டிய எழுத்து சி. சி அழுத்தினால் நிரல் முடிந்துபோகும். இசட் அழுத்தினால் மயக்க ஊசி போட்ட மாதிரி, நிரல் அப்படியே உறைந்துபோய்க் கிடக்கும், ஆனால் மேஜையை விட்டு இறங்காது. சிவப்பு எழுத்தில் முகவரி என்று வந்தது, சர்வர் ஆட்களை உள்ளே விடுகிற கதவின் நம்பர்; எண்பது எண்பது என்ற அந்தக் கதவைத் தங்கள் முதல் சர்வர் மயக்கத்திலேயே பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது சர்வர் வந்து அதே கதவைக் கேட்டால் எப்படிக் கிடைக்கும்?

கதவைப் பிடித்திருக்கிறவரைக் கண்டுபிடித்து எழுப்பி அனுப்ப வேண்டும். வழிமுறை இரண்டு பக்கத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், ஒன்பது படி. முதலில் எந்த நிரல் அந்தக் கதவில் இருக்கிறது என்று கேட்கும் கட்டளை. அதற்கு ஓர் எண் பதிலாக வரும், உதாரணத்துக்கு 4127. அந்த எண்ணைக் கொடுத்து அதை முடித்துவைக்கும் கட்டளை. பிறகு கதவு காலியா என்று சரிபார்ப்பது. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் செய்யவும்.

வேறு சுருக்கு வழி எதுவும் இல்லை.

குப்பைக் கூடைக்குப் போன மூன்று தாளில் ஒன்றையாவது அனுப்பியிருக்கலாம். வேலைக் கடிதத்தில் இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், அடிக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

சிரிக்காமல் படி. நான் 4127 என்றே அடித்துவிட்டேன்.

உதாரணம் என்று நீ தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். ஆனால் என் தொழிலில் சீட்டில் ஐந்து மில்லி என்று எழுதியிருந்தால் ஐந்து மில்லிதான். எழுதியதை அப்படியே செய்து பழகிய கை. என் கம்ப்யூட்டரில் 4127 என்பது கூண்டறை கேமரா. ஆபரேஷன் முடிந்த உயிர்களைப் பார்த்துக்கொள்வதற்காக அந்தக் கேமரா எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்காகவே கம்ப்யூட்டரை நாங்கள் அணைப்பதே கிடையாது. திரை இருண்டதும் கம்பவுண்டர் அக்கா "ஐயோ, ஆமை!" என்று கத்திக்கொண்டு கூண்டறைக்கு ஓடினார். ஆமை இருந்த இடத்திலேயே இருந்தது. கேமராவை மறுபடி ஓட விட்டாயிற்று. கதவு மட்டும் இன்னும் மயக்கத்தில் இருக்கிறவன் கையில்தான்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அந்த 'முகவரி உபயோகத்தில்' எர்ரர் வந்த அன்றைக்கே எனக்கு ஒரு யோசனை வந்தது. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் மயக்கமாவது மண்ணாவது, எல்லாம் துடைத்துப் போய்விடும் இல்லையா? விரல் பட்டன் மேல் போய் நின்றது. நான் அழுத்தவில்லை.

ஏன் என்றால், அழுத்தி அது சரியாகிவிட்டால் அன்றைக்கு நான் சொன்னது உண்மையாகிவிடும். அது உண்மையாவதில் எனக்கு விருப்பமில்லை. பதினொரு மணி நேரம் உட்கார்ந்து ஓர் ஆஸ்பத்திரியை எழுப்பியவளைப் பற்றி, ஒரு வேளைச் சோற்றுக்கு முன்னால் நாலு பேரைச் சிரிக்க வைப்பதற்காக நான் அப்படிச் சொன்னேன். விளையாட்டு இல்லை அது. எனக்கு உன் வேலை புரியவில்லை, புரியவில்லை என்று சொல்ல வெட்கம், அதனால் கேலி செய்தேன். மன்னித்துவிடு. இதுதான் அந்த மூன்று தாளிலும் இருந்தது.

இன்னும் பத்து நாள்தான். கிளினிக் போனாலும் போகட்டும், அந்தப் பட்டனை நீ சொல்லாமல் தொட மாட்டேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 23

அண்ணா,

நீ ஒரு மடையன். நானும்தான்.

உன் பதினான்காம் தேதிக் கடிதத்தைப் பிரித்து இரண்டாம் நிமிஷமே எனக்குத் தெரியும், ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் போதும் என்று. என்னிடம் வேலை பழகுகிறவர்களுக்கு நானே அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் உனக்கு எழுதக் கை வரவில்லை. என் கையெழுத்திலேயே அதை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த சாப்பாட்டில் எடுத்து நீட்டுவாய் என்று நினைத்தேன். அதற்காக ஒன்பது படி எழுதி, சுருக்கு வழி இல்லை என்று பொய்யும் எழுதி, ஓர் ஆமையைப் பீதிக்குள்ளாக்கியிருக்கிறேன். உன் கிளினிக்கில் ஆறு நாளை என் வீம்பு தின்றுவிட்டது. இதற்கு நீதான் என்னை மன்னிக்க வேண்டும்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, அண்ணா.

ஆனால் அதோடு விட்டுவிடாதே. ஆன் ஆனதும் மயக்கக்காரன் போயிருப்பான், உன் சர்வரும் போயிருக்கும். மின்சாரம் ஒரு தடவை போய் வந்தால் உன் டோக்கன் எல்லாம் அம்போ. அதனால் கம்ப்யூட்டர் எழுந்ததும் சர்வரும் தானாக எழ வேண்டும், அதற்கு இரண்டாம் பக்கம். இப்போது உன் சர்வர் கிளினிக்குக்குள்ளேயிருந்து கேட்டால்தான் பதில் சொல்லும், வெளியே இருக்கிற போனுக்குக் காது கொடுக்காது. அதற்கு மூன்றாம் பக்கம். டோக்கனை நினைவில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே வர நான்கு வரி சேர்த்திருக்கிறேன், அது நான்காம் பக்கம். உதாரண எண் எதையும் நான் இதில் எழுதவில்லை. எழுதியதை அப்படியே அடி.

நேற்று போனை எடுத்து உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். கூப்பிடலாம் என்று விரலும் போயிற்று. என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். இரண்டு வருஷம் பேசாமல் இருந்தால் முதல் வார்த்தை எதுவாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. எழுதினால் எனக்கு வருகிறது.

உன் தங்கை


ஏப்ரல் 26

அன்புள்ள தங்கைக்கு,

இன்றைக்கு உன் கடிதம் வந்த அரை மணி நேரத்தில் பட்டனை அழுத்தினேன். கம்பவுண்டர் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஆமை பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கம்ப்யூட்டர் எழுந்தது, கேமரா எழுந்தது. நீ சொன்ன மாதிரியே சர்வர் எழவில்லை. இரண்டாம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். ஓரிடத்தில் ஃபோல்டர் பெயரைத் தப்பாக அடித்து மறுபடி சிவப்பு எழுத்து வந்தது. கடைசி வரியைப் படித்து நானே கண்டுபிடித்தேன் என்பதை நீ உன் ஆபீஸில் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். நான்கு பக்கமும் முடிய ஐந்து மணி நேரம். பட்டனை அழுத்த ஆனது ஒரு வினாடி. உன் வேலை பட்டனுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது.

ஓடுகிறது! சத்தமே இல்லாமல் ஓடுகிறது. நான் பயப்படவில்லை.

வாசலில் முகவரியை எழுதி ஒட்டினோம். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பேர் டோக்கன் எடுத்துவிட்டார்கள். பெயர், விலங்கு, தொந்தரவு என்று மூன்று கட்டம் வைத்திருக்கிறேன். ஒருவர் விலங்கு என்ற இடத்தில் 'என் மச்சான்' என்றும், தொந்தரவு என்ற இடத்தில் 'வந்து பத்து நாளாகியும் கிளம்பவில்லை' என்றும் எழுதியிருக்கிறார். அவருக்கு நம்பர் ஒன்பது. வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்காரம்மா நம்பவில்லை. முப்பதாம் தேதி கூட்டம் அதிகமாக இருக்கிற நேரத்தில் தானே வந்து உள்ளே உட்கார்ந்து பார்ப்பாராம். நம்பர் மாறி ஒருவரை உள்ளே விட்டாலோ, படியில் ஒரு வால் தெரிந்தாலோ, நோட்டீஸ் நோட்டீஸ்தான் என்றார்.

இன்னொரு காரியமும் செய்திருக்கிறேன், திட்டாதே. உன் மாமியாருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நாலு பேர் முன்னால் சொன்னதை உன் காதில் மட்டும் திரும்ப வாங்கினால் போதாது. ஆஸ்பத்திரிக் கதையை அவருக்கு முழுவதும் எழுதினேன், நர்ஸ் கையைப் பிடித்த இடம் வரைக்கும். என் கிளினிக்கை நீ தபாலிலேயே எழுப்பியதையும் எழுதினேன். மிக்ஸி நின்றால் மிக்ஸி ரிப்பேர்காரரைக் கூப்பிடும்படி பணிவோடு கேட்டுக்கொண்டேன்.

இனி உனக்கு எழுத எனக்குக் காரணம் எதுவும் இல்லை. அது நன்றாக இல்லை. சர்வரின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். நேரம் கிடைத்தால் ஒரு தடவை திறந்து பார்.

உன் அண்ணன்


ஏப்ரல் 30, மருந்துச் சீட்டின் முன்பக்கம், கம்பவுண்டர் அக்கா கையில் கொடுத்தனுப்பியது

லிஸ்ட்ல பதினேழாம் நம்பரைப் பார்த்தேன். 'பெயர்: உன் தங்கச்சி. விலங்கு: மனுஷி. தொந்தரவு: ரெண்டு வருஷமா வாயைத் திறக்கலை.' மச்சான்காரர் மாதிரி யாரோ வம்பு பண்றாங்கன்னு நினைச்சு அழிக்கச் சொன்னேன். அக்காதான், "ஆள் வெளியில பெட்டியோட உக்காந்திருக்கு டாக்டர், அப்படியே உங்க மூக்கு"ன்னாங்க.

ஒன்பது மணி நேரம் ரயில்ல வந்தியா? சாப்பிட்டியா? 

பூனைக்கு வயித்துல தையல் போட்டுக்கிட்டிருக்கேன், விட்டுட்டு வெளியில வர முடியாது. கையுறையைக் கழட்டித்தான் இதை எழுதுறேன், மறுபடி கழுவணும். நீ நம்பரைப் பாக்காதே. எழுந்து நேரா உள்ள வா.


அதே சீட்டின் பின்பக்கம்

வர மாட்டேன். வீட்டுக்காரம்மா என் பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்து, போன்ல ஒவ்வொரு நம்பரா சரிபார்த்துக்கிட்டிருக்காங்க. இப்ப பதினாலு. நீ என்னை முன்னாடி கூப்பிட்டா எட்டு வருஷமும் போச்சு. படியில ஒரு வால்கூட இல்லை, நானே இறங்கிப் போய்ப் பார்த்துட்டு வந்தேன்.

"நீ எதைக் கூட்டிட்டு வந்திருக்கே?"ன்னு கேட்டாங்க. என்னைத்தான்னு சொன்னேன். "இந்த டோக்கன் எல்லாம் யாரு செஞ்சது?"ன்னு கேட்டாங்க. எங்க அண்ணன்னு சொன்னேன். இப்ப நோட்டீஸை மடிச்சு விசிறிக்கிட்டிருக்காங்க. இடம் உனக்குத்தானாம், சொல்லச் சொன்னாங்க.

என் மாமியார் உன் லெட்டரை நேத்து ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் அந்த நர்ஸ் மாதிரியே என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ராத்திரி வண்டிக்கு அவங்கதான் டிக்கெட் எடுக்கச் சொன்னாங்க.

கையைக் கழுவிட்டு நிதானமா தையல் போடு. எனக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்.